பள்ளிக்கூடத்தின் ஆசையும் பிள்ளைகளின் ஆசையும்

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடி மாவட்டத்தில், தேரிக்காடு என்ற செம்மணல் காட்டை ஒட்டிய ஓர் ஊரில், அரசு உதவி பெறும் கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். என் ஆச்சி இதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். அம்மா இங்கேயே தமிழ் எடுத்து ஓய்வு பெற்றார்.

சென்ற மாதம் ஒரு நாள் பத்தாம் வகுப்பில் பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, "இன்னும் பத்து வருடத்தில் எங்கே, என்னவாக இருப்பீர்கள்? பெயர் போட வேண்டாம்" என்று எழுதச் சொன்னேன். பாதிக்கு மேல் 'வெளிநாடு' என்று எழுதியிருந்தார்கள். என்ன வேலை என்றுகூட இல்லை, வெறும் வெளிநாடு. சிலர் துபாய், ஒருவன் 'கப்பல்'. நர்ஸ் என்று எழுதிய பெண்களும் 'ஜெர்மனியில் நர்ஸ்' என்றே எழுதியிருந்தார்கள். மூன்று பேர் ஒன்றும் எழுதாமல் தாளை மடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆசிரியர் ஆக வேண்டும் என்று ஒருவர்கூட எழுதவில்லை. ஊரில் இருப்பேன் என்றும் ஒருவர்கூட எழுதவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடல் தாண்டி வந்து, இந்தச் செம்மண் காட்டில் பள்ளிக்கூடம் கட்டி, எங்கள் பாட்டிமாருக்கு எழுத்தறிவித்தவர்களின் உழைப்பெல்லாம் கடைசியில் ஊரைவிட்டு ஓடக் கற்றுக்கொடுக்கத்தானா? கிறிஸ்தவக் கல்வி என்று நாங்கள் சொல்லிக்கொள்வதற்கு இனி ஏதாவது அர்த்தம் உண்டா? எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொன்னேன். "ஜெபம் பண்ணுங்கள் டீச்சர்" என்றார். பண்ணுகிறேன். ஆனாலும் உங்களிடமும் கேட்கத் தோன்றியது.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை (பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் கிறிஸ்தவன் அல்ல. சைவ வீட்டில் பிறந்து, ஆறாம் வகுப்பிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. (அப்போது பதினோராம் வகுப்பு) வரை ஆறு வருடம் மிஷன் போர்டிங்கில் தின்று வளர்ந்தவன். அமெரிக்கக் கோதுமை ரவையின் வாசனை வந்தால் இன்றும் எனக்குக் குமட்டும். மாலை ஜெபத்தில் பாடிய கீர்த்தனைகள் இன்றும் மனப்பாடம். ஆகவே நன்றிக்கடனும் உண்டு, பழைய கோபங்களும் உண்டு. இரண்டையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் புதியது அல்ல. இதே வருத்தத்தோடு 1855இல் ஒரு கல்லூரியையே இழுத்து மூடியிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷனரிகள் 1816இல் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் கற்பித்த இடம் அது. அந்தக் காலத்து ஆசியாவில் அதற்கு ஈடான பள்ளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மிஷனரிகளின் ஆசை, அங்கே படித்தவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்பது. பையன்களின் ஆசை வேறு. ஆங்கிலம் படித்தால் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் வேலை கிடைக்கும், கொழும்பில் கிடைக்கும், கடல் தாண்டிச் சென்னையிலும் கிடைக்கும். படித்தார்கள், போனார்கள். 1855இல் அமெரிக்காவிலிருந்து மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் ஆய்வுக்கு வந்தார். நம் பணத்தில் படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்கு ஓடுகிறார்களே, இதற்கா செலவழிக்கிறோம் என்ற கேள்வி அங்கே எழுந்தது. தாய்மொழியில் சமயக் கல்வி போதும் என்று முடிவாயிற்று. அந்த வருடமே செமினரி மூடப்பட்டது.

மூடிய இரண்டாம் வருடம், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் முதல் பி.ஏ. தேர்வை நடத்தியது. அதில் தேறி முதல் பட்டதாரிகள் என்று பெயர் பெற்ற இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பிறகு சைவத்துக்குத் திரும்பிவிட்டார். 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து எடுத்து அச்சேற்றினார். மிஷன் கணக்குப் புத்தகத்தில் இவர் நஷ்டம். தமிழின் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

இன்னொருவர் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பில் துணை நின்றவர். 1848இல் வேலையை விட்டுவிட்டு வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் திறந்தார். வகுப்பு பிரித்தது, படிப்படியாகக் கடினமாகும் பாலபாடங்களை அச்சிட்டது, மேடையில் பிரசங்கம் செய்தது என்று எல்லாம் பாதிரியார் வீட்டில் பார்த்துக் கற்ற வித்தை. அந்த வித்தையாலேயே பாதிரியாரை எதிர்த்தார்.

யாழ்ப்பாணம் எதற்கு? உங்கள் மாவட்டத்திலேயே சட்டாம்பிள்ளை இருக்கிறார். மிஷன் பள்ளியில் படித்து உபதேசியாராக இருந்தவர். மிஷனரி கால்டுவெல் இவருடைய சாதியாரைப் பற்றி 1849இல் எழுதிய சிறு புத்தகம் இவரைச் சுட்டது. மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு, நாசரேத்துக்குப் பக்கத்தில் பிரகாசபுரத்தில், வெள்ளைக்காரர் கை படாத ஒரு சபையை 1857இல் தொடங்கினார். வேதத்தை அவர்களைவிட நுணுக்கமாக வாசித்து அவர்களுக்கே பதில் சொன்னார். வாசிக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்பது தெரிந்த கதைதான்.

பள்ளிக்கூடம் ஓர் ஆசையோடு திறக்கப்படுகிறது, பிள்ளைகள் வேறோர் ஆசையோடு உள்ளே வருகிறார்கள். மிஷன் பள்ளிகளில் இந்த இரண்டும் ஒன்றாக இருந்த ஒரு பொற்காலம் எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் ஆச்சியின் காலத்தில் இருந்ததுபோல உங்களுக்குத் தோன்றுகிறது. ஆச்சியிடம் துண்டுத் தாள் கொடுத்து யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

என் போர்டிங்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1977. எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்ததும் வார்டன் சார் எங்களைச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரவைத்து விண்ணப்பம் நிரப்பச் செய்வார். போட்டோ ஒட்டக் கோதுமை ரவை உதவாது என்பதால், தன் வீட்டிலிருந்து ஒரு பிடி சோறு கொண்டுவந்து பீங்கான் மூடியில் வைத்திருப்பார். பருக்கையை நசுக்கி, போட்டோவின் நான்கு மூலையிலும் தடவி, பெருவிரலால் அழுத்துவார். அன்று கரண்ட் இல்லை. அரிக்கேன் விளக்கு. என் பக்கத்தில் இருந்தவன் பாலிடெக்னிக் விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதினான். அவன் அப்பா பனையேறி.

வார்டன் சார் எட்டிப் பார்த்தார். "என்ன வியாபாரம்?" என்றார். அவன் பேசவில்லை. "உன் அப்பா மார்பைப் பார்த்திருக்கிறாயா?" என்றார். பார்க்காமல் இருப்பானா? ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சீசனில் மூன்று தடவைகூட, நாற்பது மரம் ஏறி இறங்குகிறவரின் மார்பும் முன்கையும் மரப்பட்டையாகவே ஆகியிருக்கும். விடுமுறையில் அந்த வீட்டுக்கு நானும் போயிருக்கிறேன். அம்மா பதநீர் காய்ச்சிக்கொண்டிருப்பார். புகையில் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். "பனையேற்றம் என்று எழுது" என்றார் சார். அவன் அடித்து எழுதினான். அழுத்திய அழுத்தில் நிப்பு தாளைக் கிழித்துவிட்டது. சார் ஒன்றும் சொல்லாமல் பின்பக்கம் ஒரு துண்டுத் தாள் வைத்து, அதையும் சோற்றுப் பசையால் ஒட்டினார்.

இடம் கிடைத்தது. படித்தான். 1984இல் அபுதாபி போனான். முப்பது வருடம் கழித்துத் திரும்பி வந்து ஊரில் பெரிய வீடு கட்டியிருக்கிறான். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையின் பொது விருந்தான அசனத்துக்கு முதல் மூட்டை அரிசி அவனுடையதுதான். வீட்டைச் சுற்றி இருந்த பனைகளை ஒன்று விடாமல் வெட்டிவிட்டான். மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'என்.ஆர்.ஐ.' என்று எழுதினானாம். "அது தொழிலா?" என்று கேட்டேன். "அதைவிட நல்ல தொழில் எது, நீயே சொல்" என்றான்.

வார்டன் சாரின் ஆசை, பையன் அப்பனைச் சொல்லக் கூசக் கூடாது என்பது. பையனின் ஆசை, அந்த மார்பு தன் பிள்ளைக்கு வாய்க்கக் கூடாது என்பது. எனக்கு இருவர்மீதும் குறை சொல்லத் தோன்றவில்லை. பனைகளை வெட்டியது மட்டும் இன்னும் பொறுக்கவில்லை.

எனவே 'வெளிநாடு' என்ற சொல்லைக் கண்டு கலங்காதீர்கள். ஊரில் இருப்பேன் என்று எழுத ஊரில் என்ன இருக்கிறது? பனையும் உப்பளமும். அவற்றில் உழைப்பவர்களே தங்கள் பிள்ளை அங்கே வரக் கூடாது என்றுதான் உங்கள் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

ஜெர்மனி பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1706 ஜூலையில் சீகன்பால்கு என்ற ஜெர்மன் இளைஞர் டென்மார்க் அரசர் அனுப்பித் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிக் கற்றார். முந்நூறு வருடத்துக்குப் பிறகு, தேரிக்காட்டுப் பெண்கள் நர்சிங் முடித்துவிட்டு, பி1, பி2 என்று படி வைத்து ஜெர்மன் படிக்கிறார்கள். என் உறவில் ஒரு பெண்ணும் படிக்கிறாள். மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் அலிப்பால் என்று சுவரெல்லாம் தாள் ஒட்டி வைத்திருக்கிறாள். அங்கே முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, இங்கே படித்த நர்சுக்கு மரியாதையான சம்பளம் இல்லை. நர்சிங்கைக் குடும்பத்துப் பெண் செய்யும் வேலையாக்க இந்த நாட்டில் முதலில் பாடுபட்டவர்களில் வேலூர் ஐடா ஸ்கடரைப் போன்ற மிஷனரிப் பெண்கள் முக்கியமானவர்கள். அந்தப் பாடு வீணாகிவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னையும் உறுத்தியது. ஆசிரியர் ஆவேன் என்று ஒருவர்கூட எழுதவில்லை என்கிறீர்கள். காரணம் உங்களுக்குத் தெரியாததா?

1854இல் வுட் அறிக்கை வந்து, தனியார் பள்ளிகளுக்கு அரசாங்கம் மானியம் தரும் வழக்கம் பிறந்தது. மிஷன் பள்ளிகள் ஊருக்கு ஊர் பெருகியதற்கு அது பெரிய காரணம். அதன் இன்றைய வடிவம் உங்கள் பள்ளி: சம்பளம் அரசு தரும், நியமனம் நிர்வாகம் செய்யும். உங்கள் ஆச்சி ட்ரெய்னிங் முடித்த மறு வருடமே தாளாளர் அழைத்து வேலை கொடுத்திருப்பார். இன்று? என் வார்டன் சாரின் பேத்தி எம்.எஸ்ஸி., பி.எட். தகுதித் தேர்விலும் தேறியவள். தாத்தா மாதிரி வாத்தியார் வேலைதான் வேண்டும் என்றாள். ஒரு பள்ளியில் இடம் காலியானது. பெயர் வேண்டாம். நிர்வாகத்துக்கு வேண்டிய ஒருவர் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, சுவரில் மாட்டியிருந்த தாத்தா படத்தைப் பார்த்து "பெரிய மனிதர்" என்று சொல்லிவிட்டு, போகும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி "பதினைந்து" என்றாராம். லட்சம் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவள் இப்போது கோயம்புத்தூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இருக்கிறாள்.

எல்லா நிர்வாகமும் அப்படி என்று சொல்லமாட்டேன். உங்கள் நிர்வாகத்தை எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், டீச்சர். எந்த வாத்தியார் எவ்வளவு கொடுத்து வந்தார் என்று வாய்ப்பாட்டைப் போலச் சொல்வார்கள். பதினைந்து லட்சம் இருக்கிறவன் ஏன் வாத்தியார் வேலைக்கு வர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நீங்கள் கற்பித்த கணக்குதான்.

கிறிஸ்தவக் கல்விக்கு இனி அர்த்தம் உண்டா என்று கேட்டீர்கள். அந்தப் பெயருக்கு ஒரு காலத்தில் என்ன அர்த்தம் இருந்தது என்று பார்க்கலாம். வேத வகுப்பும் காலை ஜெபமும் மட்டும் என்றால் அது ஞாயிறு பள்ளிக்கே போதும். நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் 1820 வாக்கில் பெண்களைச் சேர்த்து எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். நாகர்கோவில் அன்று இருந்த திருவிதாங்கூரில் அடிமை முறையைச் சட்டம் ஒழித்தது 1855இல்தான். மேலாடை அணிய நாடார் பெண்களுக்கு அரசு அனுமதி தந்தது 1859இல். சட்டம் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே வகுப்பறை திறந்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி வைத்தார், சுவெயின்சன் அம்மையார் காது கேளாதோருக்கு வைத்தார். இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்து வருடங்களில். இந்தப் பிள்ளை படித்து என்ன ஆகப்போகிறது என்று வீடும் ஊரும் கைவிட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். அதைத்தான் நான் கிறிஸ்தவக் கல்வி என்று புரிந்துவைத்திருக்கிறேன். பாதிரிமார்கள் சாதி பார்க்கவில்லை என்றெல்லாம் சொல்லவரவில்லை. போர்டிங் பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது.

இன்று அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு சிறுபான்மையோருக்குத் தங்கள் கல்வி நிலையங்களைத் தாங்களே நடத்தும் உரிமை தருகிறது. நல்ல உரிமை, காக்கப்பட வேண்டியது. அந்த உரிமையின் பலத்தில், ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் என்ற கல்வி உரிமைச் சட்டத்தின் விதி சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி சரியோ தப்போ, வக்கீல்கள் பேசட்டும். எனக்கு உறுத்துவது வேறு. பனையேறி மகனைத் தேடிப் போய்க் கூட்டிவந்த ஒரு மரபின் வாரிசுகள், அவனைச் சேர்க்க வேண்டிய கட்டாயத்திலிருந்து விலக்குப் பெற்றதை வெற்றி என்று கொண்டாடினார்கள். நகரத்து மெட்ரிக் பள்ளிகளின் வாசலில் விண்ணப்பத்துக்கு விடியற்காலையில் வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் உப்பளத் தொழிலாளி யாரும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்த ஆதிதிராவிடர் பிள்ளை தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டி போட வேண்டும். தெருவில் அவன் பழைய சாதி, தாலுகா அலுவலகத்தில் புதுச் சாதி. கிறிஸ்தவப் பள்ளிக்குள்ளாவது அவனுக்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோமா என்று உங்கள் சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலத்தில் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஐயர் சொன்னதுபோல ஜெபம் பண்ணச் சொன்னாலும் சொல்வார்கள்.

மூன்று பேர் ஒன்றும் எழுதாமல் மடித்துக் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். ஒரே வரி. பிறகு வெளிநாட்டைப் பற்றியே ஒரு பத்தி. நான் அந்த மூவரிடமே நின்றுவிட்டேன். துபாய் என்று எழுதியவன் தன் வழியைப் பார்த்துக்கொள்வான், அண்ணனோ மாமாவோ அங்கே இருப்பார்கள். ஜெர்மனி என்று எழுதியவளுக்கு வழி சொல்ல ஏஜென்சிகள் வரிசையில் நிற்கின்றன. பத்து வருடம் கழித்து எங்கே இருப்பாய் என்று கேட்டதற்கு எழுத ஒரு சொல்லும் கிடைக்காத பதினைந்து வயதுப் பிள்ளை யார்? விடுமுறை நாளில் உப்பு வாருகிறவனா? மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்ட பெண்ணா? சாதிச் சான்றிதழுக்கு நாலு தடவை அலைந்துவிட்டு விட்டுவிட்டவனா? அல்லது நீங்கள் கேட்ட கேள்வியே பிடிக்காத ஒரு குறும்பனாகவும் இருக்கலாம், அப்படியானால் எனக்குச் சந்தோஷம்.

பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தும் இல்லை. ஆனாலும் பத்தொன்பது வருடம் வகுப்பெடுத்தவர், தாளை வாங்கும்போது முகத்தைப் பார்த்திருப்பீர்கள். யார் என்று உங்களுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். விண்ணப்பமெல்லாம் இப்போது இணையத்தில், சோற்றுப் பசை தேவையில்லை. ஆனால் எந்தப் படிப்புக்கு எந்தச் சான்றிதழ், கடைசி நாள் எது, தந்தையின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல இன்னும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

அந்த மூன்று தாள்களையும் தூக்கிப் போட்டுவிடவில்லையே, டீச்சர்?

அன்புடன்.